எட்டுப் பாட்டு

ஒரு நிகழ்ச்சியில் யாரும் கவனிக்காத இசைதான் எனக்கு மிகவும் பிடித்த இசை. மேடையில் எதுவும் நடக்காத நேரத்தில், சாப்பாடு பரிமாறும்போதோ, வரவேண்டியவர் வந்து சேரும்வரையோ, பின்னால் மெல்ல ஓடிக்கொண்டிருக்குமே, அது. சரியாக ஓடினால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றால்தான் அத்தனை தலைகளும் திரும்பும்.

பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தபோது யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற ஓர் ஒலி மிக்சரை வாங்கினேன். கடைசிச் சேனலில் புளூடூத் இருந்தது. ஒயர் எதுவும் வேண்டாம். கைபேசியில் பாட்டைத் தட்டினால் நேராக மிக்சருக்குள் போய், அங்கிருந்து பெரிய ஸ்பீக்கர்களில் வரும். அந்தப் பாட்டுக்கென்று சத்தத்தை ஏற்றி இறக்கத் தனி ஃபேடர், தனி ஈக்யூ. எந்த அலைவரிசையை ஏற்ற வேண்டும், எதை இறக்க வேண்டும் என்று அதில் விரலாலேயே திருத்தலாம். மாதக் கணக்கில் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். கேட்க ஆள் கிடைக்காதபோது கர்ப்பமாக இருந்த அக்காவைப் பிடித்து உட்காரவைத்துக்கொள்வேன்.

"போன்ல பாட்டு ஓடும்போது மெசேஜ் வந்தா என்ன ஆகும் தெரியுமா? பாட்டு தானா கீழ இறங்கும், டிங்னு ஊருக்கே கேக்கும், அப்புறம் மறுபடி ஏறும். கால் வந்தா பாட்டே நின்னுடும்."

"சரிம்மா."

"அதனால மொதல்ல ஏர்பிளேன் மோட். அதுக்கப்புறம் புளூடூத்த மட்டும் ஆன் பண்ணணும். இது தெரியாம பண்றவங்கதான் கல்யாணத்துல மாட்டிக்கிறாங்க."

"வயித்துக்குள்ள இருக்கிறதுக்கே இந்நேரம் பாடமாயிருக்கும்டி. என்னை விடு."

அந்த அக்காவின் வளைகாப்புதான் நான் தனியாக ஒலி பார்த்துக்கொண்ட முதல் நிகழ்ச்சி. தொழிற்சாலைகள் நிறைந்த பாசிர் கூடாங்கில், அவர்கள் குடியிருப்புக்குப் பக்கத்து டேவானில், அதாவது பொது மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அத்தான் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அன்று காலை ஷிப்ட். லீவு கேட்டும் கிடைக்கவில்லை. இரண்டு மணிக்கு முடியும், மோட்டார் சைக்கிளில் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்று எல்லாவற்றையும் அதற்குத் தோதாக வைத்திருந்தார்கள். பெண்கள் எல்லோரும் சந்தனம் தடவி வளையல் போட்டு முடித்த பிறகு, கடைசியாகக் கணவன் வந்து தலையில் பூ வைக்க வேண்டும். அதுவரை பெண் நாற்காலியைவிட்டு எழக்கூடாது. அது அத்தான் வீட்டு வழக்கம். அவருடைய அம்மா, என் அத்தை, அதில் ஒரு சொட்டுக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஒன்றே முக்காலுக்கெல்லாம் வளையல் போட்டு முடித்துவிட்டார்கள். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்களோடு அக்கா மேடையில் உட்கார்ந்திருந்தாள். அறிவிப்பு செய்த பெரியவர் மைக்கை வைத்துவிட்டு எனக்குத் தலையாட்டினார். நான் இடைவேளை இசையை ஏற்றினேன். வீணையில் வாசித்த பழைய மெட்டுகள், புல்லாங்குழல், ஒன்று முடியுமுன் அடுத்தது அதற்குள் நுழைவதுபோல் இரண்டு இரவு உட்கார்ந்து கோத்திருந்தேன். எங்கேயும் ஓர் இடைவெளி தெரியவில்லை. என் முதுகெலும்பு நிமிர்ந்துவிட்டது.

முதல் பாட்டின் நடுவில் டேவானின் கண்ணாடிச் சன்னல்கள் ஒருமுறை அதிர்ந்தன.

அந்த ஊரில் ஏதாவது ஒன்று அதிர்வதும் நாறுவதும் புதிதில்லை. யாரும் பேச்சை நிறுத்தவில்லை. என் மேசை மட்டும் பக்கவாட்டுக் கதவை ஒட்டி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கார் நிறுத்துமிடத்துக்கு அப்பால், கூரைகளுக்கு மேலே, தடித்த கறுப்புப் புகை நேராக எழுந்துகொண்டிருந்தது. கதவருகே சிகரெட்டோடு நின்ற அத்தானின் தம்பியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிகரெட்டை மிதித்துவிட்டுக் கைபேசியைக் காதில் வைத்தார்.

"எடுக்கலையாண்ணே?"

"உள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்க. லாக்கர்ல கெடக்கும்." என்னைப் பார்க்காமலே சொன்னார். "அது அவங்க பக்கம் மாதிரிதான் தெரியுது."

அதற்குள் அத்தை அங்கே வந்துவிட்டார். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தார். கதவை இழுத்துச் சாத்தினார். மகனிடம், "நீ போய் பாரு. எனக்குப் போன் பண்ணாத, நான் அவ பக்கத்துல உட்காந்திருப்பேன். இவ போனுக்கு அனுப்பு," என்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் விரல்களில் சந்தனம் காய்ந்திருந்தது.

"யாருகிட்டயும் மூச்சு விடாத. ஒருத்திக்குத் தெரிஞ்சா டேவானுக்கே தெரியும். அவளுக்கு ஒன்பது மாசம். என்ன ஏதுன்னு தெரியிற வரைக்கும் பாட்ட நிறுத்தாத."

"சரி அத்தை."

"பொம்பா வண்டிங்க இந்த வழியாத்தான் போகும். அந்தச் சத்தம் அவ காதுல விழக்கூடாது. பாட்டுச் சத்தத்தக் கூட்டி வையி."

உள்ளே இருப்பது அவர் மகன். இதை அவர் எப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சொல்லிவிட்டு மேடைக்குப் போய், ஏற்கெனவே சந்தனம் பூசியிருந்த அக்காவின் கன்னத்தில் இன்னொரு முறை சந்தனம் தடவினார்.

நான் ஃபேடரை ஏற்றினேன். இரண்டாவது பாட்டில் முதல் தீயணைப்பு வண்டி போனது. பாட்டையும் கிழித்துக்கொண்டு அந்தச் சைரன் மெல்லியதாகக் கேட்டது. பின்வரிசையில் ஒரு தலை திரும்பியது. அப்போது நான் செய்ததை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சைரன் எந்த அலைவரிசையில் அலறுகிறது என்று காதாலேயே தேடினேன். ஈக்யூவில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, பாட்டில் அந்த இடத்தை மட்டும் ஏற்றினேன். புல்லாங்குழல் கூர்மையாகி முன்னால் வந்து நின்றது. இரண்டாவது வண்டி போனது எனக்கு மட்டும்தான் தெரியும், கதவுக் கண்ணாடியில் சிவப்பு வெளிச்சம் ஓடியதால்.

அது வேலை செய்தது. வகுப்பில் படித்தது ஒன்று கண்ணெதிரே வேலை செய்தது. எனக்கு உள்ளே குபுக்கென்று பொங்கியது சந்தோஷம்தான்.

செய்தி வர வேண்டுமே என்று ஏர்பிளேன் மோடை எடுத்தேன். அந்த அவசரத்தில் போனைச் சைலன்ட்டில் போட மறந்துவிட்டேன். மூன்றாவது பாட்டில் புல்லாங்குழல் பொசுக்கென்று அமிழ்ந்தது. இரண்டு ஸ்பீக்கர்களிலும் 'டிங்'. பிறகு மறுபடி எழுந்தது.

'ரோட்ட மறிச்சிட்டாங்க.'

உடனே இன்னொரு முறை அமிழ்ந்தது. டிங்.

'அண்ணன் வேலை செய்ற இடந்தான்.'

சைலன்ட்டில் போட்டேன். நிமிர்ந்தபோது அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது ஏதோ மெஷின் கோளாறு. அவளுக்கு அப்படி இல்லை. அவளுக்குத்தான் நான் மாதக் கணக்கில் பாடம் எடுத்திருந்தேனே. புருவத்தை உயர்த்தி, என்ன என்றாள். நான் கையை ஆட்டி, ஒன்றுமில்லை என்று சிரித்தேன்.

மாப்பிள்ளையைக் காணோம் என்று பெண்கள் கிண்டலை ஆரம்பித்துவிட்டார்கள்.

"பூ வாங்கப் போனாரா, இல்ல செடி நட்டு வளர்க்கப் போனாரா?"

"ஓவர்டைம் போட்டுட்டாரு லா. பிள்ளைக்குப் பால்மாவு வாங்கணும்ல."

"வரட்டும், வாசல்லயே தோப்புக்கரணம் போட வைப்போம்."

அக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ஏய், ஏன் இவ்ளோ சத்தம்? பாப்பா உதைக்குது, குறைடி," என்று கத்தினாள்.

நான் ஃபேடர்மேல் விரலை வைத்து, குறைப்பதுபோல் காட்டினேன். குறைக்கவில்லை.

நான்காவது, ஐந்தாவது பாட்டில் ஒன்றும் வரவில்லை. மூடிய கதவைத் தாண்டி, பிளாஸ்டிக் எரிவதும் கெட்டுப்போன முட்டையும் கலந்ததுபோல் ஒரு வாடை வர ஆரம்பித்தது. சமையல் பக்கம் ஏதோ அடிபிடித்துவிட்டது என்று ஒருவர் எழுந்து போனார். ஆறாவது பாட்டில் திரை ஒளிர்ந்தது. 'எல்லாரையும் வெளிய வரிசையா நிக்க வச்சு எண்ணிட்டிருக்காங்க.' தண்ணீர் எடுக்க வந்தவர்போல அத்தை வந்தார். திரையைக் காட்டினேன்.

"கண்ணாடி இல்ல. படி."

இசைக்குக் கீழே அவர் காதில் படித்தேன். "எண்ணட்டும்," என்றார். தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

ஏழாவது பாட்டில் அடுத்தது வந்தது. 'எண்ணி முடிச்சிட்டாங்க. அண்ணன் அங்க இல்ல.'

அத்தை மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். இதை எப்படிக் காட்டுவது? கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. பக்கத்திலிருந்த வளையல் தட்டை எடுத்து, அதில் மீந்திருந்த வளையல்களை நிறம் நிறமாகப் பிரித்து வைக்கத் தொடங்கினார். பச்சை, சிவப்பு, பச்சை.

எட்டாவது பாட்டு பாதியில் இருந்தது. கைபேசி என் கையில் அதிர்ந்தது. மெசேஜ் இல்லை, அழைப்பு. சைலன்ட்டில் போட்டாலும் அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும். நின்றது. இழுத்துப் பிடித்திருந்த திரைச்சீலை அறுந்து விழுந்ததுபோல் இருந்தது. அதன் பின்னால் ஊரே அலறிக்கொண்டிருந்தது. ஒரு வண்டி இல்லை, நான்கைந்து வண்டிகள், ஒன்றின்மேல் ஒன்றாக, வெவ்வேறு தொலைவில்.

டேவானில் அத்தனை தலைகளும் திரும்பின. என்னைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்த்தன.

அக்கா எழுந்தாள்.

"உட்காரும்மா, அவன் வந்து பூ வைக்காம எழக்கூடாது," என்று அத்தை அவள் தோளைப் பிடித்தார். அக்கா அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். மேடையின் மூன்று படிகளையும் ஒவ்வொன்றாக இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். அவ்வளவு வளையல்களும் அவள் நடைக்கு ஏற்ப ஒலித்தன. இன்னும் அதிர்ந்துகொண்டிருந்த கைபேசியை என் கையிலிருந்து வாங்கி, காதில் வைத்தாள். அழைப்பில் பேசுவது மிக்சருக்குப் போகாது. எங்களுக்குக் கேட்டது அவள் பேசியது மட்டும்தான்.

"ம்."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணிகிட்ட சொல்லாதன்னு சொல்றீங்களே. அண்ணிதான் பேசுறேன்."

மறுபடி கேட்டாள். "இல்லைன்னா, எங்க இல்ல? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவங்க பேரு கேட்டீங்களா? கேளுங்க. நான் வைக்கமாட்டேன், நீங்க போய்க் கேளுங்க."

பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்தாள். யாரும் அவளைத் தொடத் துணியவில்லை. என் அம்மா சமையல் பக்கமிருந்து ஓடிவந்து, அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அக்கா கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைக் கேட்டாள்.

"எத்தனை பாட்டா உனக்குத் தெரியும்?"

"எட்டு."

"எட்டுப் பாட்டா அங்க உட்காந்து சிரிச்சிட்டிருந்தேன்."

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. பிறகு அவள் முதுகு சட்டென்று வளைந்தது. "எந்த ஆஸ்பத்திரி?" என்றாள். அத்தை தட்டைக் கீழே போட்டார். தலை எண்ணுவதற்கு முன்பே புறப்பட்ட முதல் ஆம்புலன்சில் அத்தானை ஏற்றிவிட்டார்கள். புகையை விழுங்கியிருக்கிறார், மயக்கம், மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். இருக்கிறார். அந்த ஒரு சொல்லைத்தான் அக்கா சுற்றி நின்றவர்களிடம் சொன்னாள். "இருக்காரு."

காரில் ஏறும்போது நானும் பின்கதவைத் திறந்தேன். "நீ வராத," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அத்தான் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். குழந்தை பிறப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது அதே தொழிற்சாலையில் அலுவலகப் பக்கம் வேலை கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார். அன்று அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் உயிரோடு திரும்பி வரவில்லை. வீட்டில் அதை யாரும் பேசுவதில்லை.

அக்கா என்னோடு பேசாமல் எல்லாம் இல்லை. பேசுகிறாள், பிள்ளையை என் மடியில் போடுகிறாள். ஆனால் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"அத்தை பயந்துபோய்ச் சொன்னாங்க, நீ பாட்டு போட்ட. அது எனக்குப் புரியுது. அத்தனை வண்டி போயிருக்கு. ஒன்னுகூட எனக்கு ஏன்டி கேக்கல?"

பொய் சொல்லியிருக்கலாம். பாட்டுச் சத்தம் அதிகம் என்று விட்டிருக்கலாம். நான் சொன்னேன். சைரன் எந்த அலைவரிசையில் வரும், காது ஏன் அதை முதலில் பிடிக்கும், அதே இடத்தில் இன்னொரு சத்தத்தை ஏற்றினால் முன்னது எப்படி மறைந்துபோகும், ஈக்யூவில் அதை எப்படித் தேடிக் கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் வேகமெடுப்பதும், கைகள் காற்றில் ஃபேடரைத் தள்ளுவதும் எனக்கே தெரிந்தது, நிறுத்த முடியவில்லை.

அக்கா ஒரு சின்னச் சட்டையை மடித்து, அதன்மேல் கையை வைத்துத் தடவிச் சமன்செய்தாள்.

"நல்லாத்தான் படிச்சிருக்க," என்றாள்.