வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னவள்

பிளமெனா தோச்செவா பொய் சொல்லத் தெரியாதவள் அல்ல. டான்யூப் நதிக்கரையில் உள்ள ரூசே நகரின் கடைத்தெருவில், கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பது அவள் வேலை. "இந்த ஃபிரேம் உங்க முகத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று எத்தனையோ பேரிடம் கூசாமல் சொல்லியிருக்கிறாள். ஆனால் மாலையில் ஓக்னியானின் டயர் கடைக்குக் கீழே இருந்த நிலவறையில் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் அவள் நாக்கு வளையாது. அங்கே அவளிடம் கேட்கப்பட்டது ஒரே ஒரு பொய்தான். மற்றவர்கள் அதை வாரந்தோறும் சிரமமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அது பொய் என்றே தெரியாமல்.

நிலவறையில் ஓடுபவை திரைக்குள் இருக்கும் கார்கள். இருக்கை நிஜம், ஸ்டீயரிங் நிஜம், பெடல் நிஜம். சாலையும் டயரும் மட்டும் கணினியின் கணக்கு. பிளமெனா சிறுமியாக இருந்தபோது அவள் அப்பா தம்பியைத்தான் கார்ட்டிங் என்னும் குட்டிக்கார்ப் பந்தயத்துக்குக் கூட்டிப்போவார். அவளுக்குக் கிடைத்தது தம்பியின் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்கும் வேலை. தம்பி ஜெர்மனிக்கு லாரி ஓட்டப் போனபோது தன் கணினி விளையாட்டு ஸ்டீயரிங்கை அவள் வீட்டில் போட்டுவிட்டுப் போனான். முப்பது வயதுக்கு மேல்தான் வேகம் எப்படி ருசிக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. திரைக்குள் யாரும் வேலி போட்டிருக்கவில்லை என்று நினைத்தாள்.

இப்படித் திரையில் கார் ஓட்டும் சங்கம் ஒன்று அந்த நிலவறையில் கூடியது; டான்யூப் கரையோர ஊர்களின் இத்தகைய சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு போட்டி நடத்தின. வருடக் கடைசியில் நீண்ட பந்தயம் ஒன்று உண்டு. ஒரு காரை இரண்டு பேர் மாறி மாறி ஓட்ட வேண்டும். சங்கத்தில் ஓட்டுகிறவர்கள் மூன்று பேர். டயர் கடைக்காரர் ஓக்னியான் தலைவர், அவருக்கு ஒரு இடம் நிச்சயம். மிச்சம் இருந்த ஒரு இடத்துக்குப் பிளமெனாவும் ஸ்தாமென் என்ற மரச்சாமான் தொழிற்சாலைப் பையனும் போட்டி. கடிகாரத்தைக் கேட்டால் அந்த இடம் அவளுக்கு. ஸ்தாமென் வேகமாகத்தான் ஓட்டுவான், ஆனால் பந்தயத்துக்கு ஒரு தடவையாவது சாலையை விட்டு விலகி ஓரத்துச் சரளைக்கல்லில் போய் உட்கார்ந்துகொள்வான்.

கடிகாரத்தை யார் கேட்டார்கள்? எல்லோரும் யாவோரைக் கேட்டார்கள்.

யாவோர் பகலில் லிஃப்ட் பழுது பார்ப்பவன். சங்கத்தில் காருக்கு செட்டிங் போடுவது அவன் பொறுப்பு: ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம், டயரில் எவ்வளவு காற்று, பின் இறக்கை எவ்வளவு சாய்வு. வியாழக்கிழமை தோறும் புது செட்டிங்கோடு வருவான். ஓட்டுகிறவர்கள் ஆளுக்குச் சில சுற்று ஓட்டி, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, என்ன உணர்ந்தோம் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் "சாட்சி சொல்றது". சாட்சி சொல்லி முடிக்காமல் எந்த செட்டிங்கும் பந்தயத்துக்குப் போகாது. விளையாட்டாகத் தொடங்கிய வழக்கம்தான். பிறகு அதுவே அங்கே சட்டமாகிவிட்டது.

"ஐயோ மாஸ்டர்!" என்பான் ஸ்தாமென். "பின்பக்கம் என்னமா உக்காருது! போன வாரம் நனைஞ்ச சோப்பு மாதிரி வழுக்கிட்டுப் போச்சு. இன்னிக்கு ஆணி அடிச்ச மாதிரி நிக்குது."

"ரெண்டாவது வளைவுல பாத்தியா?" என்பான் யாவோர்.

"அங்கதான் மாஸ்டர்! நான் சொல்ல வாயெடுத்தேன், நீங்களே சொல்லிட்டீங்க!"

ஓக்னியான் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே, காரின் மூக்கும் லேசாகத் திரும்புகிறது என்பார். பிறகு பிளமெனாவின் முறை.

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல" என்பாள் அவள்.

"தெரியாதும்மா" என்றான் யாவோர் ஒருநாள். "அது உடம்புல இருக்கணும். லென்சு தொடைக்கிற கைக்கு அதெல்லாம் வராது."

"பாவம், அக்காவுக்குக் கண்ணு மட்டும்தான் வேலை செய்யுது" என்றான் ஸ்தாமென். விதைத் தொலி தரையில் சிதற எல்லோரும் சிரித்தார்கள். பிளமெனாவும் சிரித்துத் தொலைத்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சிரிப்புக்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

இதில்தான் அநியாயம் இருக்கிறது. தெரியாததைத் தெரிகிறது என்பவனுக்கு நுண்ணுணர்வு உள்ளவன் என்று பெயர். தெரியவில்லை என்று உள்ளதைச் சொல்பவளுக்கு மரக்கட்டை என்று பெயர். மதமும் மருத்துவமும் அரசியலும் காலங்காலமாக நடத்திவந்த கூத்து ஒரு டயர் கடையின் நிலவறையிலும் நடந்துகொண்டிருந்தது. ஸ்தாமென் அயோக்கியன் அல்ல. இன்று செட்டிங் மாறியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். மாற்றத்தை அவன் மூளையே தயாரித்துக் கொடுத்துவிட்டது. பிளமெனாவுக்கு இது புதிதில்லை. கண் பரிசோதனையில் சில நேரம் லென்சைக் கழற்றி அதே லென்சைத் திரும்ப மாட்டுவாள். "ஆஹா, இதுதான் தெளிவு!" என்று வாய் நிறையச் சொல்பவர்கள் உண்டு. அவர்களும் நல்லவர்கள்தான்.

பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஓக்னியான் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஸ்தாமென ஓட்ட விடலாம்னு இருக்கேன், பிளமெனா."

"ஏன்? நான் மெதுவா ஓட்டுறேனா?"

"சேச்சே, அப்படி யாரு சொன்னா? உனக்குக் கார் பேசுறது கேக்க மாட்டேங்குதுன்னு யாவோர் சொல்றான். நீண்ட பந்தயம் பாரு. நடுவுல டயர் தேயும், காரோட குணம் மாறும்..."

"கார் பேசுறது இவங்களுக்குக் கேக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணே?"

"அதான் சொல்றாங்களே!"

"எந்த செட்டிங்னு பேரை மறைச்சிட்டு ஓட்டச் சொல்லுங்க. அப்பவும் சொல்றாங்களான்னு பாக்கலாம்."

ஓக்னியான் தலையைச் சொறிந்தார். மறுக்கக் காரணம் கிடைக்காததால் ஒப்புக்கொண்டார்.

சோதனைக்கு இரண்டு செட்டிங். ஒன்று யாவோரின் புதியது. இன்னொன்று பிளமெனா வீட்டில் தனக்காகப் போட்டுவைத்திருந்தது. கணினியில் எதை ஏற்றுவது என்று தீர்மானிக்க ஓக்னியானின் மனைவி ருமியானாவை உட்கார வைத்தார்கள். கார் என்ற சொல்லைக் கேட்டாலே கொட்டாவி விடும் மனுஷி அவர். அதனால்தான் பிளமெனா அவரைக் கேட்டாள். அவர் டயர் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் காசைச் சுண்டிப்போட்டு, அது காட்டிய செட்டிங்கை ஏற்றிவிட்டு, ஸ்பானரால் ஒரு சக்கர வளையத்தைத் தட்டுவார். முகம் தெரியாது, பேச்சு கிடையாது. திரையில் செட்டிங்கின் பெயர் வரும் இடத்திலும் நேரம் காட்டும் இடத்திலும் கறுப்பு டேப்.

"இது முடிஞ்சா என் புருஷன் ஞாயித்துக்கிழமையாவது வீட்டுல இருப்பாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் ருமியானா காசை எடுத்தார்.

வளையம் ஒலித்தது. ஸ்தாமென் ஓட்டினான். "இது அக்காவோடது. மூக்கு போக மாட்டேங்குது, எருமை மாதிரி இழுக்குது." மறுபடி வளையம். மறுபடி ஓட்டினான். "ம்ம்! இது மாஸ்டரோடது. வெண்ணெய்!" இரண்டு தடவையும் காசு ஒரே பக்கம்தான் விழுந்திருந்தது. எருமையும் வெண்ணெயும் ஒரே செட்டிங்.

அடுத்து யாவோரே உட்கார்ந்தான். மெதுவாகத்தான் ஓட்டினான், ஆனால் கண்ணை மூடித் திறந்து, ரசித்து ஓட்டினான். "இதச் சொல்லவே வேண்டியதில்ல. எம்புள்ளைய எனக்குத் தெரியாதா?" என்றான். அது பிளமெனாவின் செட்டிங்.

கடைசியில் பிளமெனா. வீட்டில் எத்தனையோ மாலைகள் அந்த செட்டிங்கோடு அவள் ஓட்டியிருக்கிறாள். வாரா வாரம் இவர்கள் மாற்றும் ஸ்பிரிங் அவளுக்குத் தெரியாதுதான். ஆனால் தன் கார் தனக்குத் தெரியும், அதில் தான் கொஞ்சம் வேகம் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாவது சுற்றிலேயே, "இது யாவோரோடது. வளைவுலேர்ந்து வெளிய வர்றப்ப உதறுது" என்றாள். அவ்வளவு நிச்சயமாக இருந்தது அவளுக்கு.

ருமியானா குறுக்கெழுத்துப் பத்திரிகையின் ஓரத்தில் குறித்து வைத்ததைப் படித்தார். அவள் உதறுகிறது என்றது அவளுடையதே. டேப்பைப் பிரித்து, இரண்டு செட்டிங்கிலும் ஓட்டிய நேரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த செட்டிங் எது என்று அவற்றாலும் சொல்ல முடியவில்லை.

பிளமெனாவுக்கு முகம் சூடேறியது. ஆனாலும் அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நானும் ஏமாந்துட்டேன். என்னோடதுதான் ஒசத்தின்னு நெனச்சிட்டிருந்தேன். அப்படி ஒண்ணும் இல்ல. நம்ம யாருக்கும் தெரியல. அப்ப சாட்சிய விட்டுட்டு நேரத்தைப் பாத்து ஆளைப் போடலாம்."

அவள் எதிர்பார்த்தது ஒரு நிமிட மௌனம். கிடைத்தது ஸ்தாமெனின் கைத்தட்டல்.

"பாத்தீங்களா! அக்காவே ஒத்துக்கிட்டாங்க, அவங்களுக்குத் தெரியலன்னு!"

"நீ ஒரே செட்டிங்க எருமைன்னும் சொன்ன, வெண்ணெய்ன்னும் சொன்னியேடா!"

"முதல் தடவை டயர் சூடாகலக்கா."

"நிலவறை வேற சில்லுன்னு இருக்கு" என்றான் யாவோர். "பரிச்சை வச்சா மனுஷனுக்கு உடம்பு இறுகிடும். உணர்ச்சிங்கிறது பயந்த சுபாவம். டேப் ஒட்டி மறைச்சிட்டுக் கூப்பிட்டா வராது. நானா இருக்கக்கண்டு அது நல்ல செட்டிங்னு கண்டுபிடிச்சேன். யாரு போட்டா என்ன?"

"அப்ப என் செட்டிங் நல்லதுன்னு ஒத்துக்குறீங்களா?"

"என்கிட்டப் பாத்துக் கத்துக்கிட்டதுதானே!"

ருமியானா கோட்டை மாட்டிக்கொண்டே யாவோரைக் காட்டி, "இந்தாளுக்குக் காசு எந்தப் பக்கம் விழுந்தாலும் ஜெயம்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். அந்த அறையில் அன்று பேசப்பட்ட ஒரே அறிவுள்ள பேச்சு அதுதான். ஒருவர் காதிலும் விழவில்லை. மற்றவர்களின் தவறுக்கு டயரும் குளிரும் பொறுப்பேற்றுக்கொண்டன. பிளமெனாவின் தவறு மட்டும், அவளே ஒப்புக்கொண்டதால், அவள் தலையிலேயே நின்றது. பொய்க்கு நூறு வக்கீல். உண்மை தன் வாயாலேயே வாக்குமூலம் கொடுத்து மாட்டிக்கொள்கிறது.

ஓக்னியான் மட்டும் சங்கடப்பட்டார். அடுத்த வியாழக்கிழமை மேலே கடையில், லாரி டயர் ஒன்றைச் சுவரோரம் உருட்டிவிட்டு அவளிடம் வந்தார்.

"உன் கணக்கு சரிதான். எனக்கே புரியுது. ஆனா நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கில்ல? இன்னிக்கு யாவோர் கடைசி செட்டிங் கொண்டாந்திருக்கான். நீ ஓட்டு. இறங்கி வந்து, 'கொஞ்சம் தெரியுது'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. அவன் மனசு குளிரும். இடம் உனக்கு. நான் பொறுப்பு."

"தெரியலன்னா?"

"ஒரு வார்த்தைதானேம்மா! கடையில ஃபிரேம் விக்க நீ எத்தன சொல்ற!"

அவள் கீழே இறங்கிப் போய் ஓட்டினாள். அன்றைக்குப் போல அவள் என்றுமே ஓட்டியதில்லை. பிரேக்கை விடும் இடம், மூக்கைத் திருப்பும் இடம், எல்லாம் கை சொன்னபடி கேட்டன. அந்த இடம் தனக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று ஓட்டும்போதுதான் அவளுக்கே தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றினாள். யாவோர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஓக்னியான் கண்ணாலேயே கெஞ்சினார்.

சொல்லிவிடலாம்தான். சொன்னால் அடுத்த வருஷமும் சொல்ல வேண்டும். அவளுக்குப் பின்னால் வருகிற இன்னொருத்தியும் இதே நாற்காலியிலிருந்து எழுந்து இதையே சொல்ல வேண்டும்.

"கார் நல்லா இருக்கு" என்றாள். "போன வாரமும் நல்லா இருந்துச்சு. வித்தியாசம் ஒண்ணும் தெரியல."

யாவோர் ஓக்னியானைப் பார்த்தான். ஓக்னியான் தரையைப் பார்த்தார். "சரி, ஸ்தாமென் ஓட்டட்டும்" என்றார் மெல்ல.

"காரணத்தைச் சொல்லிட்டு எடுங்க அண்ணே. நான் மெதுவா ஓட்டுறேன்னா?"

"இல்ல."

"தப்பா ஓட்டுறேன்னா?"

"இல்லம்மா. விடேன்."

"அப்ப எதுக்குன்னு இவங்க முன்னாடி சொல்லுங்க."

அவர் குனிந்து தரையில் கிடந்த விதைத் தொலியைப் பொறுக்கத் தொடங்கினார். பிளமெனா கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

பந்தயத்தில் சங்கத்தின் கார் பாதி வரைக்கும் முன்வரிசையில் ஓடியது. பிறகு ஸ்தாமென் சரளைக்கல்லுக்குள் இறங்கினான். வெளியே ஏறி வந்தபோது நடுவரிசைக் கார்களும் அவனைத் தாண்டிப் போயிருந்தன. அந்த வாரமே அவனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, கேட்டியா அநியாயத்த? எனக்கு உணர்ச்சி இல்லையாம்! டயர் தேஞ்சப்ப கார் சொன்னது எனக்குக் கேக்கலையாம். செட்டிங் சுத்தமா இருந்துச்சாம். அடுத்த வருஷம் வேற ஆளைப் பாக்கப்போறாராம் யாவோர்."

"ம்."

"நீ வச்சியே அந்தச் சோதனை, அத மறுபடி வைக்கலாம்க்கா. நீ ஓக்னியான் அண்ணன்கிட்டப் பேசு. நீ சொன்னாத்தான் எடுபடும்."

பிளமெனாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. "வைக்கலாம்டா. உனக்காக நானே வந்து பேசுறேன். ஆனா அதுக்கு முன்னாடி நீ வியாழக்கிழமை அங்க போயி, 'போன தடவை ஒரே செட்டிங்குக்கு நான் ரெண்டு கதை சொன்னேன், டயர் சூட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லு. அவ்வளவுதான்."



"அத எப்படிக்கா சொல்றது..." என்றான் ஸ்தாமென். "நெஜமாவே அன்னிக்கு முதல் தடவை மூக்கு இழுத்துச்சுக்கா. சத்தியமா."

அவள் போனை வைத்தாள்.