உச்சிக் கேலரியில் அப்பா

இத்தாலியின் பார்மா நகரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த அல்ச்சீதே ஸாம்ப்ரெல்லிக்கு ஓப்பரா அரங்கின் உச்சிக் கேலரியில், மலிவு டிக்கெட் இருக்கைகளில், முப்பது வருடப் பழக்கம். பேர்போன பாடகர்களையே அங்கிருந்து விசிலடித்து ஓட்டியிருக்கிறார். ஒருவன் வேஷத்தைக்கூடக் கழற்றாமல் ரயிலேறினான் என்று சவரம் செய்தபடியே சொல்வார். மகள் இல்தே பதினேழு வயதில் இசைக் கல்லூரியில் சேரப்போவதாகச் சொன்னபோது அவர் தடுக்கவில்லை.

"படி. ஆனா இந்த ஊர்ல மட்டும் மேடை ஏறாத."

ஆறு வருடம் படித்தாள். ஆசிரியை ஃபோந்தனேசி, "தொண்டை இருக்கு, மூச்சுதான் இல்ல. மூட்டை தூக்கிட்டுப் படியேறினவ மாதிரி பாடுற" என்று எல்லார் முன்னாலும் சொல்வாள். அதையாவது கல்லூரியோடு விட்டுவிட்டு வரலாம். வீட்டில் பாத்திரம் கழுவும்போது ஒரு வரி முணுமுணுத்தாலும் அடுத்த அறையிலிருந்து அப்பாவின் குரல் வரும்: "சுருதி இறங்குது." அம்மா பியெரினா தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். கடைசி இரண்டு வருடம் இல்தே வீட்டில் பாடவே இல்லை. ஆற்றங்கரைக்குப் போய்ப் பயிற்சி செய்தாள்.

பிறகு மூன்று வருடம் சுற்றுவட்டாரச் சின்ன அரங்குகளில் தோழியாகவும் பணிப்பெண்ணாகவும் பாடினாள். அந்தக் குளிர்காலத்தில் பார்மாவில் கதாநாயகி காய்ச்சலில் படுத்துவிட்டாள். அந்த வேஷத்தின் பாட்டு முழுவதும் தெரிந்தவள் பக்கத்தில் இல்தே ஒருத்திதான். மதியம் அரங்கிலிருந்து ஆள் வந்தது. கோட்டை மாட்டிக்கொண்டே அவள் அப்பாவிடம் சொன்னாள்:

"இன்னைக்கு நீ வராதப்பா."

"முப்பது வருஷமா போறேன். பாடுறது நீங்கிறதுக்காக வீட்ல உக்காரணுமா?"

"அப்ப வா. வாயை மூடிக்கிட்டு இரு."

"ஒழுங்காப் பாடு. என் வாய் தன்னால மூடிக்கும்."

முதல் அங்கம் சேதமில்லாமல் போனது. இரண்டாம் அங்கத்தின் பெரிய பாட்டில், உச்ச ஸ்வரத்துக்கு முன்னால் மூச்சை அவசரமாக இழுத்துவிட்டாள். ஸ்வரம் மயிரிழை கீழே நின்றது. மேலே இருந்து ஒரே ஒரு குரல் வந்தது.

"இறங்கிருச்சு."

யாருடைய குரல் என்று அவளுக்கு மட்டுமல்ல, கேலரி முழுவதற்கும் தெரியும். தகப்பனே ஆரம்பித்து வைத்த பிறகு மற்றவர்களுக்கு என்ன தயக்கம்? விசில் கிளம்பியது. திரை விழும்வரை அடங்கவில்லை.

இசைக்குழுவை நடத்திய பெர்த்தினெல்லி ஓடிவந்தார். "உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாம்மா."

"என் உடம்புக்கு ஒண்ணுமில்ல."

மூன்றாம் அங்கத்தில் காதலன் மடியில் உயிர்விட வேண்டியவள், அவனை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. முகத்தைக் கேலரி பக்கம் தூக்கி, ஒவ்வொரு வரியையும் அங்கே எறிந்தாள். விசில் நின்றுபோனது. முடிவில் பாதிப் பேர் கைதட்டினார்கள். அப்பா தட்டவில்லை.

மறுநாள் காலை கடைக்குப் போனாள். ஒருவர் முகமெல்லாம் நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"இறங்கினது எல்லாருக்கும்தான் கேட்டுச்சு. நீ எதுக்கு முதல் ஆளா கத்தின?"

அல்ச்சீதே அவர் கன்னத்திலிருந்து கத்தியை எடுக்காமல், திரும்பாமல் பேசினார். "நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா, மகள் பாடினா மட்டும் உனக்குக் காது அடைச்சிருச்சான்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமே. ஒருநாள் கேட்டுட்டுப் போறாங்க."

"அந்த இடத்துல நீ என் மகள் இல்ல."

"சரி. எந்த இடத்துலயும் வேண்டாம்."

நுரை பூசியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த மாதமே வட ஜெர்மனியில் ஒரு துறைமுக ஊரின் அரங்கில் ஒப்பந்தமாகிக் கிளம்பிவிட்டாள். அங்கே எல்லாவற்றுக்கும் கைதட்டினார்கள். பிசகினாலும் தட்டினார்கள். முதலில் நிம்மதியாக இருந்தது. இரண்டாவது வருடம் அந்தக் கைதட்டலே எரிச்சலூட்டியது. சக பாடகிகளிடம் முகத்துக்கு நேரே குறை சொன்னாள். அவளோடு உட்கார்ந்து சாப்பிட ஆளில்லாமல் போனது.

நான்காவது வருடம் அவள் பாடிய ஓப்பரா ஒன்றை வானொலியில் இத்தாலிவரை கேட்கும்படி ஒலிபரப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து அப்பாவிடமிருந்து தபால் அட்டை வந்தது. நலமா என்றுகூட இல்லை. 'ஸ்வரம் சுத்தம். கடைசி அங்கத்தில் ஓடுகிறாய்.'

அட்டையைக் கிழித்துப் போட்டாள். சனிக்கிழமை வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவு அறைக்குப் போய் நாடாவைப் போடச் சொல்லிக் கேட்டாள். தாளத்தை முந்தி ஓடித்தான் இருந்தாள். அடுத்த தடவை மேடையேறியபோது நிதானித்துப் பாடினாள். பதில் மட்டும் எழுதவில்லை.