பைப்புக்காரர் சொன்ன சாட்சி

பைப்புக்காரருக்குக் கூட்டத்தில் பேச வராது. குழாயோடு பேசுவார், மோட்டாரோடு பேசுவார், துருப்பிடித்துத் திரும்ப மறுக்கிற பழைய வால்வைக் கெஞ்சுவார், கொஞ்சுவார், கடைசியில் நாலு வார்த்தை திட்டவும் திட்டுவார். ஆனால் பத்து மனிதர்கள் சேர்ந்து எதிரே உட்கார்ந்தால் போதும், மனுஷனுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவர் கையில் மைக்கைக் கொடுத்தார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு வீடு பிடிக்கவில்லை. வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அந்தச் சமயத்தில்தான் சபையில் ஓர் அறிவிப்பு வந்தது. கடல் தாண்டி ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அங்கே பைப்பும் மோட்டாரும் தெரிந்த ஆள் இல்லாமல் தண்ணீருக்குத் திண்டாடுகிறார்கள். சம்பளம் கிடையாது, சாப்பாடும் தங்க இடமும் உண்டு, மூன்று வருஷம் இருக்க வேண்டும். அவருக்கு இருந்தது ஒரே மகள். ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"போய்ட்டு வாங்கப்பா. இங்க உக்காந்து சுவத்தைப் பாக்குறதுக்கு, அங்க போய் நாலு நோயாளிக்குத் தண்ணியாவது வர வைங்க. நான் அத்தை வீட்டுல இருந்துக்கிறேன்."

அத்தை என்றால் பைப்புக்காரரின் தங்கை. வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். அவளும் சரி என்றாள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். ஊழியத்துக்குப் போகிறவர் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும். ஆண்டவர் தன்னை எப்படி நடத்தினார், தான் ஏன் போகிறேன் என்று எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்வது. நல்ல வார்த்தை எதைச் சொன்னாலும் சபை மொத்தமும் "ஸ்தோத்திரம்!" என்று குரல் கொடுக்கும். பைப்புக்காரர் தயங்கித் தயங்கித்தான் ஏறினார். பெண்டாட்டி போனதைச் சொன்னார். ஸ்தோத்திரம். ஆஸ்பத்திரியில் தண்ணீர் இல்லாததைச் சொன்னார். ஸ்தோத்திரம். அட, நாம் பேசினால்கூடக் கேட்கிறார்களே! மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஐம்பது வருஷமாக யாரும் அவர் பேச்சை இப்படிக் கேட்டதில்லை. குரல் தானாக ஏறியது.

"என் மகள் கல்யாணமே வந்தாலும் சரி, எடுத்த ஊழியத்தைப் பாதியில விட்டுட்டு இந்த மண்ணுல கால் வைக்க மாட்டேன்!"

சபை அதிர்ந்தது. போதகர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மகள் அதுவரை சிரித்த முகமாக அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தவள், குனிந்து புடவைக் கரையைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "சொல்றதுக்கு வேற எதுவுமே கிடைக்கலையாப்பா? என் கல்யாணத்தை எதுக்கு இழுத்தீங்க?"

"அட, ஒரு பேச்சுக்குச் சொன்னேன் பாப்பா. மாப்பிள்ளையே இன்னும் பொறக்கல, கல்யாணத்துக்கு என்ன இப்ப?"

அவளும் சிரித்துவிட்டாள். அதோடு போயிற்று என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள்.

போன இடத்தில் அவருக்குக் கை நிறைய வேலை. வார்டுகளின் கழிவறையில் எந்தக் குழாயைத் திறந்தாலும் காற்றுதான் சீறியது. கிணற்றுக்குள் இறங்கி, அடியில் இருந்த ஃபுட் வால்வைக் கழற்றிப் பார்த்தால் சேறும் இலையும் அடைத்துக்கொண்டு கிடந்தன. அதைச் சுத்தம் செய்து, வாஷர் மாற்றி, ஒழுகிய இணைப்புகளைப் பிரித்துத் திரும்ப மாட்டி, மேல்தொட்டி வரைக்கும் புதுக்குழாய் இழுத்தார். பிரசவ வார்டில் முதல்முதலாகத் தண்ணீர் கொட்டியபோது டாக்டரம்மா கைகழுவும் தொட்டி முன்னால் நின்று சின்னப் பிள்ளை மாதிரிக் கையைத் தட்டினார். அந்த ஊர்ப் பேச்சு அவருக்கு அரைகுறை. மிச்சத்தைச் சொல்லிக் கொடுக்கவும், வாய்விட்டுப் பேசவும் நம் பேச்சுக்காரர் ஒரே ஒருத்தர், நர்ஸம்மா. "அண்ணே அண்ணே" என்று உயிரை விடுவார், தப்புச் செய்தால் உயிரை எடுப்பார்.

முதல் கிறிஸ்துமஸ் அவரை ஒரு வழி பண்ணிவிட்டது. பல ஊர்களிலிருந்து வந்த ஊழியக்காரர்கள், பகலெல்லாம் நட்சத்திரம் ஒட்டுவதும் பாட்டுப் பழகுவதுமாக ஒரே கும்மாளம். சாயங்காலம் ஆனால் ஆளுக்கொரு மூலையில் போனை வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். பைப்புக்காரரைக் கிறிஸ்துமஸ் தாத்தா ஆக்கினார்கள். ஒல்லி உடம்பில் இரண்டு தலையணையைக் கட்டி, பஞ்சுத் தாடி ஒட்டிக் குழந்தைகள் வார்டுக்குள் அனுப்பினால், தாத்தா பரிசைக் கொடுப்பதை விட்டுவிட்டுச் சொட்டுகிற குழாயை இறுக்கப் போய்விட்டார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அன்றைக்குத் தாடியைக்கூடக் கழற்றாமல் மகளுக்குப் போன் போட்டார். அவள் "அப்பா" என்றதும் மேலே பேச முடியவில்லை. "அழாதீங்கப்பா, தாடி நனையுது" என்று அவள்தான் கேலி செய்தாள். படம் ஏற்கெனவே அவள் போனுக்குப் போயிருந்தது.

இரண்டாம் வருஷம் பாதியில் தங்கை கூப்பிட்டாள். நல்ல இடம் வந்திருக்கிறது, பையன் தங்கமானவன், பாப்பாவுக்கும் பிடித்திருக்கிறது. பைப்புக்காரருக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்கு மோட்டார் அறையில் ஒரே பாட்டு. மறுநாள் மகளே பேசினாள்.

"அப்பா, புது வருஷ லீவுல தேதி வச்சிருக்கோம். அப்பத்தான் உங்களுக்கும் அங்க வேலை கம்மியா இருக்கும்னு. வந்துருவீங்கல்ல?"

அப்போதுதான் அவருக்குத் தன் சாட்சி ஞாபகம் வந்தது. மேடை, மைக், அந்த ஸ்தோத்திரம் எல்லாம் ஒன்றாக வந்து கண் முன்னால் நின்றன.

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன் பாப்பா" என்றார்.

"எனக்கு அம்மாதான் இல்ல. நீங்க வந்தாப் போதும்ப்பா. யாரு என்ன சொன்னா நமக்கென்ன?" என்றாள் அவள்.

அவர் கேட்காமலேயே டாக்டரம்மா லீவு கொடுத்தார். விஷயம் தெரிந்த நர்ஸம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றார். "என்னண்ணே பெரிய சாட்சி? கடவுள் வந்து உங்ககிட்ட எழுதி வாங்கிட்டாரா? பொண்ணு கல்யாணத்துக்குப் போக மாட்டேன்னா அவரே உங்களைத் திட்டுவாரு. மூட்டையைக் கட்டுங்க!" பைப்புக்காரரும் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வைத்தார். வைத்தது உண்மை.

அந்த நேரம் பார்த்துப் போதகர் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், அதுதான் வினையே. "பிரதர், கல்யாணச் செய்தி கேட்டோம். சபையில உங்க சாட்சியைத்தான் எல்லாரும் நினைச்சுப் பேசுறாங்க. வாலிபப் பிள்ளைங்க ரெண்டு பேரு உங்களைப் பாத்துத்தான் ஊழியத்துக்குப் பேர் கொடுத்திருக்காங்க. நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, மகளை நாங்க பாத்துக்கிறோம்." 'நான் வரேன் ஐயா' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பைப்புக்காரர் வாயிலிருந்து வந்ததோ "ஸ்தோத்திரம் ஐயா." எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த வாசல்படி ஏறுவது என்ற ஒரே நினைப்பு. பாழாய்ப்போன மானம்! அது இல்லாவிட்டால் அவருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

மகளிடம் வர முடியாது என்று சொன்னார். அவள் சண்டை போடவில்லை. "சரிப்பா" என்றாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியிலும் அதே விடுமுறையில் ஒரு கல்யாணம் வைத்தார்கள். பெண், வார்டு கூட்டுகிறவள்; தாயும் தகப்பனும் இல்லாமல் மிஷன் விடுதியிலேயே வளர்ந்தவள். மாப்பிள்ளை ஆம்புலன்ஸ் டிரைவர். எல்லாருக்கும் ஓய்வு கிடைப்பது அந்த ஒரு நாள்தான் என்பதால், தேதியும் அதே தேதியாக அமைந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் பெண் நர்ஸம்மாவைக் கூட்டிக்கொண்டு மோட்டார் அறை வாசலில் வந்து நின்றாள். தகப்பன் இடத்தில் நின்று கோயிலுக்குள் தன்னைக் கைபிடித்து அழைத்துப்போக ஆளில்லை, நீங்கள் வருவீர்களா என்று கேட்டாள். நர்ஸம்மா அதைச் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பைப்புக்காரர் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். முடியாது என்று எப்படிச் சொல்வது? அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? தலையை ஆட்டினார்.

டாக்டரம்மா தன் வீட்டுக்காரருடைய கோட்டைக் கொடுத்தார். தோள் சரிந்து தொங்கியது. கோயில் வாசலில் வெள்ளை உடுப்பில் அந்தப் பெண் வந்து கையைக் கோத்துக்கொண்டாள். அவள் கை வேலை செய்து காய்த்த கை. பாட்டு ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் சனங்கள் எழுந்து நின்றார்கள். பாதி வழியில் பைப்புக்காரருக்குக் கண் மறைத்தது. குனிந்து அவள் காதில் என்னவோ சொன்னார். அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். எத்தனை உருக்கம், எப்பேர்ப்பட்ட அன்பு என்று பார்த்தவர்கள் எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். யாரோ அந்த நிமிஷத்தைப் படம் எடுத்து, ஊர்ப் போதகரும் இருக்கிற மிஷன் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி இருந்த நாட்டில் பொழுது முந்தி விடியும், ஊரில் பிந்தி. ஆகவே ஆஸ்பத்திரியில் விருந்து முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரத்தில்தான் ஊரில் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பைப்புக்காரர் மோட்டார் அறையில், கோட்டைக்கூடக் கழற்றாமல், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் வந்தது தங்கையின் குரல். அழுகிறாளா, கத்துகிறாளா என்றே தெரியவில்லை.

"அண்ணே, உனக்குப் புத்தி இருக்கா? ஒரு தகப்பன் பண்ற வேலையா இது?"

"என்ன ஆச்சும்மா?"

"என்ன ஆச்சா? போதகர் ஆசீர்வாதம் சொல்றப்ப பெரிய திரையில உன் படத்தைப் போட்டுட்டாரு. 'நம்ம சகோதரர் அங்க ஒரு அனாதைப் பொண்ணுக்குத் தகப்பனா நிக்கிறாரு'ன்னு பெருமையாச் சொல்றாரு, சபையே ஸ்தோத்திரம்னு கத்துது. பாப்பா மாலையோட மேடையில நிக்குறா. எல்லாரும் படத்தைப் பாக்குறாங்க, நான் அவ முகத்தைத்தான் பாத்தேன். என் வீட்டுக்காரரு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்னு கெஞ்சினாரு. வேண்டாம் மாமா, அப்பா இடத்துல யாரும் வேண்டாம்னு தனியாத்தான் உள்ள நடந்து வந்தா. வந்து நிமிந்து பாத்தா, நீ இன்னொருத்தி கையைக் கோத்துக்கிட்டு நிக்கிற!"

பைப்புக்காரர் முகத்தில் அறைந்துகொண்டார். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது பேச்சு இல்லை. யாரிடம் போய் என்ன சொல்வது? போதகர் மேல் குற்றம் சொல்வதா, படம் எடுத்தவர் மேலா? அத்தனையும் தன் வாயிலிருந்து வந்ததுதான் என்று அவருக்குத் தெரியும்.

"பாப்பாகிட்டக் குடும்மா. உன் கால்ல விழுறேன், குடு."

கூட்டச் சத்தம், யாரோ சிரிப்பது, நாற்காலி நகர்வது எல்லாம் கேட்டது. பிறகு அவள்.

"அப்பா."

"பாப்பா, என்னை மன்னிச்சிரும்மா. தப்புப் பண்ணிட்டேன். வந்திருக்கணும். நீ கூப்பிட்டப்பவே வந்திருக்கணும்."

"இருக்கட்டும்ப்பா. இன்னைக்கு அழக்கூடாது, எல்லாரும் பாக்குறாங்க." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "படம் நல்லா இருந்துச்சு. கோட்டுதான் பெருசு. ஒண்ணு கேக்கணும்ப்பா. அந்தப் பொண்ணு காதுல குனிஞ்சு என்னமோ சொல்றீங்களே, என்னப்பா சொன்னீங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். வரவில்லை.

"மெதுவா நட பாப்பா, பயப்படாத, அப்பா கூடவே இருக்கேன்னு சொன்னேம்மா."

"அவங்களுக்கு நம்ம பேச்சு தெரியுமாப்பா?"

"தெரியாதும்மா."

அந்தப் பக்கம் யாரோ "பொண்ணைக் கூப்பிடுங்க, போட்டோ எடுக்கணும்" என்று குரல் கொடுத்தார்கள்.

"எனக்குக் கேக்கலையேப்பா" என்றாள் மகள். "நான் வேகமா நடந்துட்டேன்."