அம்மாவுக்கு வைத்த சந்தனப் பொட்டு

எங்கள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒருநாள் திடீரென ஒன்றரை முழம் மேலே ஏறிவிட்டது. அம்மா எதிரே நின்றால் முகம் மட்டும்தான் தெரியும், கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது. எட்டு வயதுக்காரியான எனக்கு முகமும் தெரியாது. சதா பவுடர் அப்பிக்கொள்கிறேன் என்று எனக்குக் கொடுத்த தண்டனை என நினைத்து, பத்து நாள் அம்மாவிடம் முறைத்துக்கொண்டு திரிந்தேன். எனக்கு அப்போதே ரோஷம் அதிகம். அறிவுதான் கொஞ்சம் மட்டு.

அதற்குச் சற்று முன்புதான் அம்மாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள். கம்பெனியில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள். பெங்களூருக்குக் கொண்டுபோய்க் காட்டியதில், இதயம் துடிக்க மறந்து மறந்து போகிறது, மெஷின் வைத்தே ஆகவேண்டும் என்றார்கள். இடது தோளுக்குச் சற்றுக் கீழே தீப்பெட்டி அளவுக்குத் தோல் புடைத்திருக்கும், அதன்மேல் ஒரு தையல் தழும்பு. அம்மா கழுத்து ஏறிய ஜாக்கெட்டுகளாகத் தைத்துக்கொண்டாள். பாகலூரில் எங்கள் லைன் வீடுகளில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ராயக்கோட்டையில் தாய்வீட்டுக்குப் போயிருந்ததாகச் சொல்லிவைத்தாள். வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியும் போகவில்லை.

"கம்பெனி கேட்டுல செக் பண்றப்ப அந்த மெட்டல் டிடெக்டர் குச்சி கத்தும். அத்தனை பேரும் என் நெஞ்சயே பாப்பாங்க" என்றாள்.

அப்பா படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டார். தூக்கத்தில் கை பட்டுவிடுமாம். டிவி பார்க்க அவர் போட்ட திட்டம் அது என்று நான் நம்பினேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை அன்று அப்பா வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு, சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் என் கையில் கொடுத்தார்.

"கரண்டுல ஓடறது, பேட்டரில ஓடறது, ஒண்ணையும் வுடாத பாப்பா. வுட்டா வருசம் பூரா மக்கர் பண்ணும்."

மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், டிவி ரிமோட் எல்லாவற்றுக்கும் வைத்தேன். ஸ்டூல் போட்டு ஏறிச் சுவர்க்கடிகாரத்துக்கும் வைத்தேன். செல்போன் சார்ஜரைக்கூட விடவில்லை. கிண்ணத்தில் இன்னும் சந்தனம் மிச்சமிருந்தது. அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. இருப்பதிலேயே முக்கியமான மெஷினை மறந்துவிட்டேனே. அது மக்கர் பண்ணினால்?

அம்மா சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எதிரில், பூஜைக்கு வந்திருந்த அத்தையும் பக்கத்து வீட்டு அக்காவும் பொரியில் கடலை கலந்துகொண்டிருந்தார்கள். நான் பின்னாலிருந்து முந்தானையை விலக்கி ஜாக்கெட்டின் ஓரத்தை இழுத்தேன். மேல் கொக்கி தெறித்தது. புடைப்பின் மேல் கனமாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் கையிலிருந்து பொரி சிந்தியது. "இன்னாக்கா அது, கட்டியா?"

வாசலில் வண்டிக்கு மாலை கட்டிக்கொண்டிருந்த அப்பா எட்டிப் பார்த்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவின் அந்த இடத்தை அவர் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. விழுந்து விழுந்து சிரித்தார்.

"கட்டி இல்லீங்க, மெஷினு. எங்க வூட்ல வண்டிக்கு அடுத்து இவதான் பேட்டரில ஓடறா."

அத்தை சிரித்தாள். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்துபோய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலையில்தான் தலைக்குக் குளித்திருந்தாள். மறுபடியும் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. படையல் முடிந்து, வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கி, அப்பா தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகும் அது நிற்கவில்லை. அவ்வளவு கனமாக அப்பியிருக்கக் கூடாது என்று எனக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது.

வெளியே வந்தவளுக்குக் கண்கள் சிவந்திருந்தன. ஈரம் சொட்டச் சொட்ட என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோவமாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல கண்ணு. மெஷினுக்குத்தான வெச்ச? சரியாத்தான் வெச்ச."

அம்மாவே சொல்லிவிட்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இரண்டு தட்டுப் பொரி தின்றேன். பிறகு லைன் வீடுகளில் ஒரு வாசல் விடாமல் ஏறி, எங்கள் அம்மாவுக்கும் நான்தான் பொட்டு வைத்தேன், எங்கே வைத்தேன் தெரியுமா என்று சொல்லிவிட்டு வந்தேன்.