பதினோரு தடவை திறந்த மூடி

என் மருமகள் மெக்சிகோக்காரி. அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகன் அவளை அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டான். ஏழு மாதம் கழித்து, இரண்டாயிரத்து எட்டில், பதினெட்டு நாள் விடுப்பில் உச்சிப்புளிப் பக்கத்து எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தான். முதல் ஒன்பது நாளும் என் பங்காளிகள் யாரும் வாசல்படி மிதிக்கவில்லை. பத்தாம் நாள் என் அண்ணன் ஆள் அனுப்பினார். மருமகள் கையால் கறிச்சோறு போட்டால் எல்லோருமாக வந்து சாப்பிடுகிறோம் என்றார். எங்கள் வழக்கம் அது. புது மருமகள் ஆக்கிய கறியைப் பங்காளிகள் மனம் ஒப்பிச் சாப்பிட்டுவிட்டால் அவள் எங்களில் ஒருத்தி. அதற்குமேல் யாரும் எதுவும் பேசமாட்டார்கள்.

அந்தப் பந்தியில் இன்னொரு வழக்கமும் உண்டு. எல்லா இலைக்கும் கறித்துண்டு ஒரே எண்ணிக்கையில் விழ வேண்டும். எழுபத்து நான்கில் என் தங்கை கல்யாணத்தில் ஒரு சித்தப்பா இலையில் நான்குக்குப் பதில் மூன்று துண்டு விழுந்தது. அவர் கையை உதறிவிட்டு எழுந்தார். ஒன்பது வருடம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அன்றைக்குத் துண்டு எண்ணும் பொறுப்பு என்னுடையது. அதன்பின் முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தும் அந்த ஒரு துண்டு என்னை விட்டுப் போகவில்லை.

மருமகள் தன் அம்மா செய்யும் மோலே என்ற கோழிக் குழம்பை வைப்பதாகச் சொன்னாள். வரும் வழியில் சிங்கப்பூரில் ஒரு மின்சாரப் பானை வாங்கி வந்திருந்தார்கள். உள்ளே கனத்த பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி. ஆறேழு மணி நேரம் மெல்லிய சூட்டிலேயே வேகவைக்குமாம். தன் ஊரிலிருந்து கொண்டுவந்த மூன்று வகை வற்றல் மிளகாயை எடுத்துக் காட்டினாள். கறுத்து, சுருங்கி, பேரீச்சம்பழம் போல இருந்தன. எங்கள் முண்டு வற்றலில் ஒன்றைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். அதிலும் ஆறு எடுத்துக்கொண்டாள். எள், நிலக்கடலை, பட்டை, கிராம்பு, உலர்ந்த திராட்சை, தக்காளி எல்லாவற்றையும் வறுத்து மிக்சியில் அரைத்தாள். கடைசியில் சாக்லேட் இரண்டு கட்டி போட்டாள். அண்ணனுக்கு என்ன பதில் சொல்வேன் என்று என் மனைவியிடம் நாலு தடவை புலம்பினேன்.

பிராய்லர் வாங்கினால் பங்காளிகள் ஏளனம் செய்வார்கள் என்று மூன்று நாட்டுக்கோழி வாங்கியவன் நான்தான். பன்னிரண்டு பேர், ஆளுக்கு நான்கு, மொத்தம் நாற்பத்தெட்டு துண்டு. காலை ஆறு மணிக்குச் சட்டியில் போட்டாள். மகன் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னான்.

"அப்பா, மூடிய மட்டும் தொறந்துறாதீக. ஒரு தடவ தொறந்தா வேக அரை மணி நேரம் கூட ஆகும்."

தலையாட்டினேன். ஏழரைக்கு அடுப்படியில் யாரும் இல்லை. மனைவி அடுத்த அறையில் மருமகளுக்குச் சேலை கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். துண்டு சரியாக இருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை பார்க்கலாம் என்று திறந்தேன். கறுப்புக் குழம்பில் எல்லாம் முழுகிக் கிடந்தன. கரண்டியால் தள்ளித் தள்ளி எண்ணினேன். நாற்பத்தாறு. மூடிவிட்டு வெளியே வந்தேன். மனம் கேட்கவில்லை. மறுபடி போய் எண்ணினேன். நாற்பத்தேழு. இப்படியே பன்னிரண்டு மணிவரைக்கும் பதினோரு தடவை திறந்தேன். கடைசித் தடவைதான் நாற்பத்தெட்டு வந்தது. நிம்மதியாகப் போய்க் குளித்தேன்.

ஒரு மணிக்குப் பந்தி. நானே நின்று எண்ணிப் போடவைத்தேன். எந்த இலையிலும் குறையவில்லை. அண்ணன் முதல் துண்டை எடுத்துக் கடித்தார், இழுத்தார், இன்னும் இழுத்தார். பிறகு அதை இலை ஓரத்தில் வைத்தார்.

"ஏத்தா, கோழிய அறுத்தீகளா, இல்ல குளிப்பாட்டி அனுப்பிவிட்டீகளா?"

மற்ற பதினோரு பேரும் சிரித்தார்கள். அவளுக்குக் கேலி புரியவில்லை, சிரிப்பு புரிந்தது. பாத்திரத்தைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அப்போது வாயைத் திறந்து நான் சொன்னது இதுதான்:

"அந்தப் புள்ளைக்கு நாட்டுக்கோழி பழக்கமில்லண்ணே. அங்கன எல்லாம் பிராய்லர்தான்."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கைகூப்பி, மகன் சொல்லிக்கொடுத்திருந்த தமிழில், "மன்னிச்சிருங்க பெரிய மாமா" என்றாள். யாரும் எழுந்துபோகவில்லை. குழம்பை மட்டும் பிசைந்து சாப்பிட்டார்கள். சிலர் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்கள். ஆனால் இலை எடுக்கும்போது முப்பத்தொன்பது துண்டு அப்படியே கிடந்தது. அன்றோடு அவளுக்குப் பங்காளி வீடுகளில் 'வேகாத கோழி' என்று பேர் வந்துவிட்டது. விமானம் ஏறப் போன நாளில் வழியனுப்ப ஒருவரும் வரவில்லை.

அடுத்த வருடம் மகன் போன் செய்தான். அவள் முழுகாமல் இருக்கிறாள், பிள்ளை பிறந்து ஆறு மாதம் ஆனதும் முடி இறக்க ஊருக்கு வரலாமா என்று யோசிப்பதாகச் சொன்னான். அப்புறம் தயங்கிவிட்டு, "அங்க வந்தா மறுபடி சமைக்கச் சொல்லுவாகளான்னு கேக்குறாப்பா" என்றான். நான் போனை மனைவி கையில் கொடுத்துவிட்டேன்.

மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நான்காம் நாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மிளகாய்த் தோட்டத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவரை நிறுத்தி, மூடி திறந்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏலே, இத எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? நானா இலைக்கு முன்னால நின்னு கும்பிட்டேன்?"

அன்றைக்கே மகனுக்குப் போன் போட்டு, அவளிடம் கொடுக்கச் சொன்னேன். அந்த ஒரு வருடத்தில் அவள் தமிழ் நன்றாகத் தேறியிருந்தது. கோழி வேகாததற்கு நான்தான் காரணம், துண்டு எண்ணுவதற்காகப் பதினோரு தடவை மூடியைத் திறந்தேன், அவள்மேல் பழியைப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

"பதிமூணு, மாமா" என்றாள். சேலை கட்டிக்கொண்டபோதும் அதன்பிறகும், அடுத்த அறையில் இருந்த அவளுக்குக் கண்ணாடி மூடியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். வருவாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவள் விட்டுப்போன சட்டி பரணில் இருக்கிறது. என் எண்ணிக்கையில் விட்டுப்போன அந்த இரண்டு தடவை எப்போது என்று இன்னும் யோசிக்கிறேன். ஒன்று எட்டரை மணிக்காக இருக்கலாம். மற்றொன்று ஞாபகம் வரவில்லை.