சிக்னேயின் எட்டு பிளக்குகள்

ஆறாம் வகுப்போடு பள்ளியைத் தலைமுழுகியவன் நான். ஆனாலும் சில்யான் ஏரிக்கரையில் பனிக்காலத்துக்கு என்ஜினைத் தூங்க வைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஏப்ரல் கடைசி நாள், ஏரிக்கரையில் தீ மூட்டும் விழாவுக்கு, நான் தூங்க வைத்த எந்த வண்டியும் சாவியின் ஒரே திருகலில் எழுந்துவிடும். சிக்னேயுடையதைத் தவிர.

சிக்னே முப்பத்தெட்டு ஆண்டு மர லாரி ஓட்டியவள். ஓய்வு பெற்றதும் எட்டு சிலிண்டர் வைத்த சிவப்பு அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கினாள். உருளைக்கிழங்கு வாங்கவும் அதில்தான் போவாள். பனிக்காலத்தில்தான் வினை. இருட்டு தாங்காமல் வாரம் ஒருமுறை கொட்டகைக்குப் போய், இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அதன் குரலைக் கேட்டுவிட்டு அணைப்பாள். சூடேறாத என்ஜினுக்குள் ஈரம் தங்கியது. போன வசந்தத்தில் திறந்தால் உள்ளே துரு. சுரண்டிச் சரிசெய்துவிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் காயலான் கடைதான் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் செத்துப்போனது.

அக்டோபரில் புது ஆயில் ஊற்றினேன். டேங்கை விளிம்பு வரை நிரப்பினேன். பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்தேன். என்ஜினுக்குப் பொறி தரும் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்கு ஒரு கரண்டி ஆயில் விட்டு, கையால் சுற்றி, துளைகளைத் தக்கையால் மூடினேன். எலி புகாமல் சைலன்சர் குழாயில் துணி அடைத்து, நான் மட்டுமே போடும் முடிச்சைப் போட்டேன். எட்டு பிளக்கையும், அவள் ஓடவிட முடியாதபடி, என் வீட்டு ரவை டப்பாவில் ஒளித்து வைத்தேன்.

ஞாயிறுதோறும் காப்பிக்கு வந்து பிளக்குகளைக் கேட்டுக் கெஞ்சினாள்.

"ஒரு நிமிஷம்தான்யா. குரலை மட்டும் கேட்டுட்டுத் தந்துடறேன்."

"குரல் வேணும்னா ரேடியோவப் போடு."

நாலு பன் தின்றுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவாள்.

ஏப்ரல் கடைசி நாள், சிக்னே வந்து காத்திருக்க, ரவை டப்பாவைத் திறந்தேன். காலி. சிக்னே பையிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்து மேசைமேல் கொட்டினாள். எட்டு பிளக்.

"நவம்பர்லயே எடுத்துட்டேன். கஞ்சியே காய்ச்சாத வீட்ல ரவை டப்பா எதுக்குன்னு பாத்தேன்."

கொட்டகைக்கு ஓடினேன். குழாயில் என் முடிச்சு அப்படியே இருந்தது. தக்கைகள்மேல் ஆறு மாதத் தூசி. ஆயில் தேன் மாதிரி தெளிவு.

"ஏன் ஓட்டல?"

"கையில இருக்குன்னு ஆனதும் அரிப்பு அடங்கிடுச்சு."

"அப்பறம் எதுக்கு வாராவாரம் கெஞ்சின?"

"கெஞ்சலன்னா நீ பன்னு எடுத்து வெப்பியா?"

துணியையும் தக்கைகளையும் எடுத்துவிட்டு பிளக்குகளை மாட்டினேன். பேட்டரியை வைத்தேன். சாவி அவள் கையில். சிலிண்டரில் விட்ட ஆயில் எரிந்து, ஊரே இருமும்படி நீலப்புகை கக்கிக்கொண்டு என்ஜின் உறுமியது. சிக்னே கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரே திருகல்தான். இனி என் பேச்சில் 'தவிர' கிடையாது.