இறங்கத் தயங்கியவர்

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறைக்கு, நாங்கள் பதினான்கு பேர் சென்னையிலிருந்து சொந்த ஊரான காரைக்காலுக்குப் போனோம். பேரளத்தில் மாறி ஏறிய ரயிலில், நெடுநெடுவென்று வெள்ளைச் சட்டையில் ஒருவர் ஓரிடத்தில் உட்காராமல் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நிமிடத்துக்கொரு தரம் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்.

காரைக்கால் வந்ததும் எல்லாரும் எழுந்தோம். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"இறங்கலீங்களா?" என்று பெரியம்மா கேட்டார்.

"இதே வண்டியில திரும்பிடுறேங்க. நான் கப்பல்ல இருந்தப்ப உம்மா மவுத்தாயிட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தகவலே வந்துச்சு. பெத்த தாய் இல்லாத வீட்டுக்குள்ள எப்படிங்க போறது?"

பெரியம்மா அக்காவின் கைக்குழந்தையை அவர் மடியில் வைத்து, "மூட்டை முடிச்செல்லாம் எறக்கணும். இவனைக் கொஞ்சம் தூக்கிட்டு வாங்க தம்பி" என்றார்.

அவர் குழந்தையோடு இறங்கினார். வாங்கப்போன என்னிடம் தரவில்லை.

"எங்க தெருமுனை வரைக்கும் நானே தூக்கிட்டு வர்றேனே" என்றார்.

எங்கள் வழியிலேயே இருந்த அந்தத் தெருமுனையில் குழந்தையைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தார். அந்த வீட்டுக் கதவை அன்று யார் திறந்தார்களோ!